ஓடை விற்பனைக்கல்ல: மலையடிவார நிலம் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரங்களில் 'மலையடிவாரம், வற்றாத ஓடை, தென்னையுடன் பண்ணை நிலம்' என்ற வகை அறிவிப்புகள் பெருகிவிட்டன. ஒடுகத்தூர், அமிர்தி, ஆலங்காயம், பேரணாம்பட்டு, குடியாத்தம், ஏலகிரி என்று வடாற்காட்டின் மலை தொட்ட ஊர் ஒன்றும் பாக்கி இல்லை. ஆனால் ஒன்றில்கூட சர்வே எண் இருப்பதில்லை. வருவாய் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் இல்லாத நில விளம்பரம் வாங்கப்பட மாட்டாது என்று உங்கள் விளம்பரப் பிரிவு சொல்லிவிட்டால், ஏமாற்று வியாபாரத்தில் பாதி அன்றைக்கே நின்றுபோகும். எண் மட்டும் கையில் இருந்தால், சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர் வீட்டில் உட்கார்ந்தபடியே முதல் சலிப்பைச் செய்துவிடலாம். அதை எப்படிச் செய்வது, பிறகு நிலத்தில் இறங்கி எதைப் பார்ப்பது என்பதற்காகவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவுப்படி ஆறு, ஓடை, கால்வாய், ஏரி இவற்றின் படுகையும், நிற்கிற ஓடுகிற தண்ணீரும், வேறொருவருக்குச் சொந்தம் என்று நிரூபணம் ஆனவை நீங்கலாக, அரசுச் சொத்து. நீங்கள் வாங்குவது கரைக்கல் வரைதான். அதைத் தாண்டி உங்களுக்கு இருப்பது, 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் ஏற்கும் கரையோரத்தான் உரிமை. குடிக்க, மாடு கழுவ, ஒட்டிய நிலத்துக்கு அளவாகப் பாய்ச்சலாம். ஆனால் கீழே இருப்பவனுக்கு வர வேண்டிய தண்ணீரைக் கெடுக்கக் கூடாது, தடுக்கக் கூடாது. அரசு எப்போது வேண்டுமானாலும் அதை ஒழுங்குபடுத்தலாம். 'ஓடை உள்பட மூன்று ஏக்கர்' என்று எவராவது சொன்னால், தனக்குச் சொந்தமில்லாததையும் சேர்த்து விலை பேசுகிறார் என்று பொருள்.

சர்வே எண் கிடைத்ததும் அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா-சிட்டா, 'அ' பதிவேட்டு விவரம், எஃப்எம்பி எனப்படும் புல வரைபடம் மூன்றையும் எடுங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். ஒரு ஏர்ஸ் சுமார் 2.47 சென்ட், 0-40.50 என்றிருந்தால் ஒரு ஏக்கர். அடுத்த காரியத்தைப் பலர் செய்வதில்லை. விற்கிற எண்ணை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள எண்கள் எல்லாவற்றுக்கும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்து எண் 'ஓடை புறம்போக்கு', 'கானாறு', 'வாய்க்கால்', 'வண்டிப்பாதை', 'மேய்க்கால்', 'காப்புக்காடு' என்று எதுவாக வருகிறது என்பதில்தான் உங்கள் நிலத்தின் ஜாதகம் இருக்கிறது.

புல வரைபடத்தில் ஓடை இரண்டு விதமாக வரும். தனி சர்வே எண்ணாக இரு கோடுகளுக்கு நடுவில் ஓடினால் அது சந்தேகமில்லாமல் புறம்போக்கு. பட்டா எண்ணுக்குள்ளேயே கோடாக வரைந்து, தனி உட்பிரிவு கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த நிலம் பட்டாதாரர் பெயரில்தான் இருக்கும். ஆனால் நீரோட்டத்தை அடைக்கிற உரிமை அவருக்கும் கிடையாது. இந்த இரண்டாவது வகை மலைச் சரிவுகளில் அதிகம். மேலேயிருந்து இறங்கும் சிற்றோடைகளை அளவைக் காலத்தில் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருக்க யாருக்கும் பொழுதிருந்திருக்காது.

இங்கே ஒரு சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வழக்குகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் முளைக்கின்றன. கானாறு இடம் மாறும். ஒரு பெருமழையில் வளைவின் வெளிக்கரையை அரித்து, உள்கரையில் மணலைக் கொட்டிவிட்டுப் போகும். வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு மாறாது. ஆகவே பழைய படுகை மேடாகி, அதில் கொல்லைக்காரர் கேழ்வரகோ தென்னையோ வைத்திருப்பார். ஓடை இப்போது அவருடைய பட்டா நிலத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். நேரில் போகிறவருக்கு 'தென்னந்தோப்பு, அதன் ஓரமாக ஓடை' என்று கண்ணுக்கு அழகாகத் தெரியும். காகிதத்தில் அந்தத் தோப்பு புறம்போக்கு, ஓடுகிற ஓடை பட்டா. எட்டு மீட்டர் அகல ஓடை நூறு மீட்டர் நீளத்துக்கு இப்படி இடம் மாறியிருந்தால் 800 சதுர மீட்டர், அதாவது எட்டு ஏர்ஸ். ஏறத்தாழ இருபது சென்ட் நிலத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இதைப் பிடிக்க ஒரே வழி, கிரயத்துக்கு முன் நிலத்தை அரசு அளவரைக் கொண்டு அளப்பது. விற்பவர் பெயரில் அத்து, அதாவது எல்லை, காட்டும்படி மனு போட்டு, பக்கத்துக்காரர்களுக்கு அறிவிப்பு கொடுத்து அளக்க வேண்டும். தனியார் அளவர் கொண்டுவரும் கருவி துல்லியமானதுதான். ஆனால் அவர் எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார் என்பதே கேள்வி. வேலியில் தொடங்கினால் வேலிதான் எல்லை என்று முடியும். மூன்று எண்களோ மூன்று கிராமங்களோ சேருகிற கல்லிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கல்லையும் உற்றுப் பாருங்கள். காலங்காலமாக நிற்கிற கல்லின் வெளிப்பகுதி வெயில் மழையில் கருத்து, பாசி பிடித்து, மண்மட்டத்தில் ஒரு கறைக்கோட்டோடு இருக்கும். பிடுங்கி நட்ட கல்லில் அந்தக் கறைக்கோடு மண்ணுக்கு ஒரு சாண் மேலேயோ, கோணலாகவோ தெரியும். சுற்றியுள்ள மண் குச்சியால் குத்தினால் பொலபொலவென்று இறங்கும். கல்லின் தலையில் உளியால் வெட்டிய குறி இல்லையென்றால் அது அளவைக் கல்லே அல்ல, யாரோ கொண்டுவந்து நட்ட கல்.

கணினிப் பட்டாவை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1979-இல் தொடங்கி எண்பதுகளில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், ஊர் வழக்கில் 'யூடிஆர்', அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயரைப் பல இடங்களில் அப்படியே ஏற்றிவிட்டது. ஓடையின் ஒரு துண்டு பட்டாவாக மாறியதும் உண்டு, பட்டா நிலம் புறம்போக்காக ஏறியதும் உண்டு. ஆகவே அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டு நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவறையிலோ மனு செய்து வாங்குங்கள். முந்தைய பதிவேட்டில் 'ஓடை' என்றிருந்து இன்றைக்குப் பட்டாவாக இருந்தால், அது என்றைக்கு வேண்டுமானாலும் ரத்தாகக்கூடிய பட்டா. வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதுதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். தாய்ப்பத்திரத்தை மூலமாகவே பாருங்கள், நகலில் திருப்தி அடையாதீர்கள்.

தரகர்கள் காட்டும் காகிதங்களில் இரண்டு, ஓடையோரத்துக்கே உரியவை. ஒன்று 'பி மெமோ' ரசீது. அது புறம்போக்கை ஆக்கிரமித்துப் பயிர் வைத்ததற்கு விதித்த தண்டத்தின் ரசீது. முப்பது வருட பி மெமோ ரசீதுக் கட்டை எடுத்து நீட்டி, 'வரி கட்டின ரசீது சார்' என்பார்கள். முப்பது வருடம் ஆக்கிரமிப்பில் இருந்ததற்கு அவர்களே தரும் சாட்சியம் அது. மற்றொன்று '2சி பட்டா'. புறம்போக்கில் நிற்கிற புளி, பனை, மா போன்ற மரங்களின் பலனை அனுபவிக்கத் தரப்படுவது அது. மரம் நிற்கிற மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த இரண்டையும் வைத்து எழுதப்படும் 'அனுபவ பாத்தியக் கிரயம்' என்ற பத்திரத்துக்குப் பத்திரத்தாளின் விலைகூடக் கிடையாது.

இனி நிலத்தின் வகை. ஜவ்வாது மலை மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை, புதூர்நாடு பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். அவர்களுக்கு அரசு ஒப்படை செய்த நிலம் பழங்குடி அல்லாதவருக்குப் போகக் கூடாது என்று வருவாய் நிலை ஆணை தடுக்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் எழுதிய கிரயம் நிற்காது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் பெற்ற நிலம் வாரிசுக்குப் போகலாமே தவிர யாருக்கும் விற்க முடியாது, பழங்குடியினர் பழங்குடியினருக்கே விற்றாலும் செல்லாது. 'பவர் எழுதிக்கொள்ளலாம், நீண்டகாலக் குத்தகை போட்டுக்கொள்ளலாம்' என்று குறுக்குவழி சொல்பவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சட்டத்தை விடுங்கள், அந்த மலையில் அவர்களுக்கென்று இருப்பது அந்தத் தண்ணீர் ஓரத்துத் துண்டு நிலம்தான்.

அடிவாரத்தில் பஞ்சமி நிலம் வரும். 1892 அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் அது. அந்த வகுப்பினர் அல்லாதவர் வாங்கினால் நஷ்டஈடு இல்லாமல் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் 'டி.சி.' (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ 'நிபந்தனை' என்றோ இருக்கும். யூடிஆரில் அந்தக் குறிப்பு விட்டுப்போயிருப்பதும் சகஜம். செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேட்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். நிலமற்றோருக்கான சாதாரண ஒப்படைப் பட்டாவாக இருந்தால் நிபந்தனைகளைப் படித்து, கெடு முடிந்ததா, யாருக்கு விற்கலாம் என்று வட்டாட்சியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

மரம் அடர்ந்த பட்டா நிலமாக இருந்தால் 1949-ஆம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அறிவிக்கப்பட்டிருந்தால் குழுவின் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, மரம் வெட்டவும் முடியாது. கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ளதா என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் வீடு கட்டவும் மனை பிரிக்கவும் கூடுதல் தடையின்மைச் சான்றுகள் வேண்டும். காப்புக்காட்டு எல்லையை வனத்துறை எண் எழுதிய கற்குவியல்களால் குறித்திருக்கும். வருவாய்த் துறை வரைபடமும் வனத்துறை வரைபடமும் ஒத்துப்போகாத இடங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வனச்சரகரின் எழுத்து இல்லாமல் முன்பணம்கூட வேண்டாம். குடும்பச் சொத்து என்றால் பெண்களின் பங்கை மறக்காதீர்கள்; இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் அதற்கு முன் மணமாகாத மகள்களுக்கும், 2005 முதல் நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் சம பாத்தியம் உண்டு. பத்திரத்தில் அக்கா தங்கை கையெழுத்து இல்லாத பாகப்பிரிவினை, வழக்குக்கு அழைப்பிதழ்.

பாதை. ஓடையோர நிலத்துக்குப் போகிற பாதை பெரும்பாலும் ஓடையைக் கடந்துதான் போகும், அல்லது காட்டுக்குள் போகும், அல்லது அடுத்தவர் கொல்லையின் வரப்பில் போகும். வரைபடத்தில் வண்டிப்பாதைப் புறம்போக்கு நிலத்தின் எல்லை வரை தொடுகிறதா என்று பாருங்கள். இருபது அடி முன்னால் நின்றுவிட்டால் அந்த இருபது அடிதான் பின்னால் நிலத்தைவிட விலை ஏறும். விற்பவரே தன் நிலத்தைப் பிரித்து உள்பக்கத்தை விற்றால், வெளிப்பக்கத்தின் வழியாகத் தேவைக்கான வழியுரிமை சட்டப்படி உண்டு. இருந்தாலும் அதைச் சட்டத்துக்கு விடாமல், 'கீழ்க்கண்ட சர்வே எண்ணின் தென்புறம் 16 அடி அகல மாமூல் வண்டிப்பாதையில் ஆள், மாடு, வண்டி, டிராக்டர், லாரி போகவர, மின்கம்பி, குழாய் கொண்டுசெல்ல பாத்தியம்' என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். காட்டுப் பாதையில் வனத்துறை விடுகிற வரைதான் வண்டி போகும். அது உரிமை ஆகாது.

ஓடையைக் கடக்க நாமே சிமெண்ட் குழாய் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நிலத்துக்கு மேலே நூறு ஹெக்டேர் மலைச்சரிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜவ்வாது மலையில் இது பெரிய பரப்பே அல்ல. ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்து அதில் பாதி வழிந்தோடினால் 25,000 கன மீட்டர், அதாவது விநாடிக்கு ஏழாயிரம் லிட்டர். மூன்று அடி விட்டக் குழாய் ஒன்று, தண்ணீர் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் ஓடினாலும், 1,300 லிட்டர்தான் கடத்தும். இரண்டு குழாய் போட்டு மேலே மண் கொட்டி ரோடு போட்டால், மிச்சத் தண்ணீர் மண்ணைத் தாண்டும். தாண்டும்போது கீழ்ப்பக்கச் சரிவை அரிக்கும். ஒரே இரவில் குழாய், மண், பாதை மூன்றும் போகும். கூடவே மேல்பக்கத்தில் தேங்கிய தண்ணீர் எதிர்க்கரைக்காரர் கொல்லையை அறுத்திருக்கும், அவர் போலீசுக்குப் போயிருப்பார். அங்கே பொருந்துவது தரைப்பாலம்தான். படுகை மட்டத்திலேயே காங்கிரீட் தளம், இரு முனையிலும் படுகைக்குக் கீழே நாலைந்து அடி இறங்கிய சுவர், கீழ்ப்பக்கம் பெருங்கல் அடுக்கு. வெள்ளம் மேலே ஏறி ஓடிவிடும், சில மணி நேரம் வண்டி நிற்கும், அவ்வளவே. புறம்போக்கு ஓடையில் எதைக் கட்டினாலும் நீர்வளத் துறை, ஊராட்சி ஒன்றியம் இவற்றின் அனுமதி வேண்டும். சொந்தச் செலவில் தடுப்பணை கட்டுவதும் இதில் சேர்ந்ததுதான். நல்லெண்ணத்தில் கட்டினேன் என்பது பதிலாகாது.

வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதை ஓடையே எழுதி வைத்திருக்கும். கரையோர நொச்சியிலும் புங்க மரக் கிளையிலும் சிக்கிய சருகு, நைலான் துணி, வைக்கோல் எந்த மட்டத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு அடி மேலே வரை வெள்ளமட்டம் என்று வைத்துக்கொள்வது பத்திரம். படுகையில் கிடக்கும் கல்லின் அளவு வேகத்தைச் சொல்லும். கூழாங்கல் என்றால் மிதமான ஓட்டம். மாட்டுத் தலை அளவுக் கற்கள் உருண்டு, முனை மழுங்கிக் கிடந்தால் அந்த இடத்தில் சுவர் நிற்காது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் துணை ஆறுகளிலும் வெள்ளம் வந்தபோது எது வரை ஏறியது என்று ஊரில் நாலு பேரைக் கேட்டால் மட்டத்தை விரலால் காட்டிவிடுவார்கள். விற்பவரைக் கேட்காதீர்கள். ஆடு மேய்ப்பவரைக் கேளுங்கள். எந்த மாதம் வரை ஓடுகிறது, எந்தப் பாறைக்குழியில் கடைசி வரை தண்ணீர் நிற்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

'வற்றாத ஓடை' என்ற சொல்லுக்கு இந்த ஜில்லாவில் மிகச் சில இடங்களில்தான் பொருள் உண்டு. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு பருவமழை. உத்திரகாவேரி, அட்டாறு, மற்ற கானாறுகள் எல்லாம் மார்கழியில் சலசலக்கும்; மாசி பங்குனியில் மணல்தான். தரகர்கள் ஆட்களைக் கூட்டிவருவது தை மாதத்தில். நீங்கள் சித்திரையில் ஒருமுறை போங்கள். போகும்போது பத்து லிட்டர் வாளி, அளவு நாடா, ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஓட்டமாக இருந்தால் நேராக ஓடும் பத்து மீட்டர் தூரத்தை அளந்து, பழத்தை விட்டு நேரம் பாருங்கள். நாற்பது விநாடி என்றால் வேகம் விநாடிக்குக் கால் மீட்டர். அகலம் இரண்டு மீட்டர், சராசரி ஆழம் பதினைந்து சென்டிமீட்டர் என்றால் மூன்றையும் பெருக்கி, அடிப்படுகையில் ஓட்டம் மெதுவாக இருப்பதற்காக 0.7-ஆல் பெருக்குங்கள். விநாடிக்கு ஏறத்தாழ 52 லிட்டர் வரும். கோடையில் பழம் மிதக்க இடம் இருக்காது. பாறை விளிம்பில் வாளியைப் பிடித்து நிரம்பும் நேரத்தைப் பார்க்க வேண்டியதுதான். இருபது விநாடியில் நிரம்பினால் நாளுக்கு 43,200 லிட்டர். கரையில் நீர்மருதும் நாவலும் வரிசையாக, பெருமரங்களாக நின்றால் அடியில் ஈரம் நெடுநாள் நிற்கிறது என்று நம்பலாம். வேலிக்காத்தான் மட்டும் நின்றால் அதில் ஒன்றும் படிக்க முடியாது, அது எங்கும் வரும்.

ஓடை ஓடுவதால் போர்வெல்லில் தண்ணீர் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அடியில் கடினப் பாறை. சிதைந்த பாறை அடுக்கும் வெடிப்பும் இருக்கிற இடத்தில்தான் தண்ணீர். ஓடையிலிருந்து முப்பது அடியில் போட்ட போர் புகை கக்கியதும் உண்டு. கரைக்கு உள்பக்கம் பட்டா நிலத்தில் திறந்த கிணறு, மணல் அடுக்கு இருக்கும் இடத்தில், பெரும்பாலும் கைகொடுக்கும். பழைய கிணறு இருந்தால் அதில் எத்தனை பங்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை உங்கள் முறை, மின் இணைப்பு யார் பெயரில் என்பதைப் பத்திரத்தில் ஏற்றுங்கள். 'கிணற்றில் பொதுவில் பாதி' என்று மொட்டையாக எழுதினால் கோடையில் மோட்டாருக்குச் சண்டை.

வேலூர் மாவட்டத்தில் தோல் கழிவு என்றதும் பாலாறு நினைவுக்கு வரும். மலையிலிருந்து இறங்கும் ஓடைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மேலே மனிதரும் மாடும் இருக்கும் வரை கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை. ஃபுளூரைடு 1.5-ஐத் தாண்டக் கூடாது, நைட்ரேட் 45-ஐ. வீட்டுக் கழிவுநீர் உறிஞ்சுகுழி கிணற்றுக்குக் குறைந்தது 18 மீட்டர் தள்ளி, வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

கரையைப் பாதுகாக்கச் சுவர் எழுப்புவதற்கு முன் யோசியுங்கள். சுவர் சாய்வது முன்னால் வரும் வெள்ளத்தால் மட்டும் அல்ல. பின்னால் மண்ணில் ஊறிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தள்ளுவதால் சாய்வதும் அதே அளவு. மூன்று அங்குலக் குழாய்த் துளைகளை ஐந்தடிக்கு ஒன்றாக வைத்து, அவற்றுக்குப் பின்னால் ஜல்லி நிரப்பினால் நிற்கும். அடித்தளம் அரிப்பு ஆழத்துக்குக் கீழே இறங்காவிட்டால் இதுவும் வீண். கரையிலிருந்து முப்பது அடியை உழாமல் விட்டு வெட்டிவேர், நொச்சி, மூங்கில் வைப்பது மலிவு, பலன் அதிகம். ஓடை மணலை மட்டும் தொடாதீர்கள். சொந்த வீட்டுக்கு ஒரு டிராக்டர் என்றாலும் குற்றம்தான், அதோடு அள்ளிய பள்ளம் அடுத்த மழையில் உங்கள் கரையை இழுத்துக்கொள்ளும்.

குடியாத்தம், மோர்தானா, பேரணாம்பட்டு எல்லையில் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை வரும். தண்ணீர் ஓரத்துத் தென்னை, வாழை, மா அதற்கு முதல் விருந்து. மற்ற பக்கங்களில் காட்டுப்பன்றி. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக் கருவி, மனிதரும் சாகிறார்கள். சூரியசக்தி வேலிக்கும் காட்டை ஒட்டிய நிலமானால் வனத்துறையில் பதிவு வேண்டும். மேலரசம்பட்டு போல அணை வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவரும் இடங்களுக்கு மேலே நிலம் பேசினால், அந்தத் திட்டத்தின் நீர்ப்பரப்புக்குள் வருகிறதா என்பதை நீர்வளத் துறையில் ஒரு மனு போட்டுக் கேட்டுவிடுங்கள்.

பத்திரம் எழுதும்போது நான்கெல்லையில் 'வடக்கே ஓடை' என்று முடிக்காமல், 'வடக்கே சர்வே எண் இன்ன ஓடைப் புறம்போக்கு' என்று எண்ணோடு எழுதுங்கள். பரப்பை ஹெக்டேரிலும் சென்டிலும் எழுதி, ஒவ்வொரு பக்கத்தின் மீட்டர் அளவையும் கொடுத்து, அளவர் கையெழுத்திட்ட வரைபடத்தை இணையுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பைக் குறைத்துக் காட்டலாம் என்ற ஆலோசனையைக் கேட்காதீர்கள். உட்பிரிவு ஆகாத நிலத்தில் ஒரு பகுதியை வாங்கினால் பட்டா மாற்றம் தானாக நடக்காது. உட்பிரிவுக் கட்டணம் கட்டி, அளவர் வந்து அளந்து, புதிய உட்பிரிவு எண்ணோடு வரைபடம் ஏறினால்தான் வேலை முடிந்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதைப் படிப்பார்கள். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் தொடர்ந்து உத்தரவிட்டு வருவதால், நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் எந்த நாளும் வீட்டுக் கதவில் ஒட்டப்படலாம். நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அதை விட்டால் 6-ஆம் பிரிவின் வெளியேற்ற உத்தரவு வரும். பதிலோடு பத்திரம், பட்டா, வரைபட நகல் வைத்து, உங்கள் முன்னிலையில் கூட்டு அளவை கேளுங்கள். அளந்ததில் புறம்போக்குக்குள் போயிருப்பது வேலியும் நாலு தென்னையும் என்றால் நீங்களே எடுத்துவிட்டு, எடுத்ததற்கு மகஜர், அதாவது சாட்சிகளோடு எழுதும் பதிவு, எழுதி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் வந்து எடுத்தால் கரை மண்ணும் சேர்ந்து போகும். யூடிஆரில் உங்கள் பட்டாவே தவறாகப் புறம்போக்கில் ஏறியிருக்கிறது என்று முந்தைய பதிவேடு காட்டினால், திருத்தத்துக்கான மனு மாவட்ட வருவாய் அலுவலரிடம். அந்த மனுவின் ஒப்புகைச் சீட்டை வட்டாட்சியருக்கும் அனுப்பி வையுங்கள், இரண்டு அலுவலகக் கோப்புகளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்காமல் இருக்கும்.

இப்படிக்கு,
நில அளவைத் துறை ஓய்வூதியர் ஒருவர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்